பெயர் கேட்காத லிங்க்

கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் கழித்து போட்டோகிராஃபரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு டிரைவ் லிங்க் வரும். அதைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. சேலத்துப் பெரியம்மா, ஷார்ஜா மாமா, மின்னஞ்சல் முகவரியே இல்லாத பாட்டி என்று யார் தொட்டாலும் ஆல்பம் திறக்கும். லாகின் இல்லை, பாஸ்வேர்டு இல்லை, நீங்கள் யார் என்ற கேள்வியும் இல்லை. போட்டோகிராஃபர் ஒரே ஒரு செட்டிங்கை மாற்ற மறந்திருந்தால் மட்டும் 'அனுமதி கேளுங்கள்' என்று திரை வந்து நிற்கும். கேட்டால், அவர் அடுத்த முகூர்த்தத்தில் ஓடிக்கொண்டிருப்பார்.

லிங்க் கையில் இருக்கும் எவரும் பார்க்கலாம் என்கிற அந்த செட்டிங், மெனுவில் ஒரே ஒரு வரி. ஆனால் கணினி உலகம் அந்த வரிக்கு வந்து சேர நாற்பது ஆண்டு ஆனது. வந்த பிறகும் அதோடு மல்லுக்கட்டு ஓயவில்லை.

ஆரம்பம் 1971 ஏப்ரல். கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் பட்டம் பெற்று அமெரிக்காவின் எம்ஐடிக்குப் போயிருந்த அபய் பூஷண், ஒரு கணினியில் இருக்கும் ஃபைலை இன்னொரு கணினிக்கு நகர்த்துவது எப்படி என்று ஒரு வரைவு எழுதினார். இணையத் தொழில்நுட்பக் குறிப்புகளுக்கு ஆர்எஃப்சி என்று பெயர்; ஆர்எஃப்சி 114 என்பது அதன் எண். எஃப்டிபி என்ற ஃபைல் பரிமாற்ற முறை பிறந்தது அதில்தான். அந்த முறையில் உள்ளே நுழைபவரிடம் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்பார்கள். அன்றைக்குக் கணினி என்பது பல்கலைக்கழகத்தின், ஆய்வுக்கூடத்தின் சொத்து, கேட்டது நியாயம்தான். ஆனால் ஊருக்கெல்லாம் பயன்படும் ஒரு நிரலையோ அறிக்கையையோ வைத்திருப்பவர் என்ன செய்வார்? வந்து எடுக்கக்கூடிய அத்தனை பேருக்கும் கணக்கு திறந்துகொண்டிருக்க முடியுமா?

நிர்வாகிகள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். 'அனானிமஸ்' என்ற பெயரில் ஒரே ஒரு பயனரை உருவாக்கினார்கள். யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரைச் சொல்லி உள்ளே வரலாம். பாஸ்வேர்டு எதுவானாலும் சரி. மரியாதைக்கு உங்கள் மின்னஞ்சல் முகவரியைத் தட்டிவிட்டுப் போங்கள் என்பது பின்னால் வந்த பழக்கம். அந்த முகவரி நிஜமா என்று சர்வருக்குத் தெரியாது. எஃப்டிபிக்கு ஒரு பெயர் வேண்டும், அதனால் எல்லாரும் ஒரே பொய்ப் பெயரைச் சொன்னார்கள். மேலிருந்து யாரும் உத்தரவு போட்டு இது வரவில்லை. நடைமுறையாகவே பரவி, 1994இல்தான் 'அனானிமஸ் எஃப்டிபியைப் பயன்படுத்துவது எப்படி' என்று ஒரு ஆர்எஃப்சியாக எழுதி வைக்கப்பட்டது.

அந்தப் பொய்ப் பெயரால் உலகுக்குக் கிடைத்தவற்றில் ஒன்று லினக்ஸ். 1991 செப்டம்பரில் ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கெர்னலின் முதல் வடிவத்தைப் பகிர நினைத்தபோது, பின்லாந்தின் ஃப்யூநெட் எஃப்டிபி சர்வரைக் கவனித்துக்கொண்டிருந்த ஆரி லெம்கே அதற்கு ஓர் இடம் ஒதுக்கித் தந்தார். டோர்வால்ட்ஸ் மனதில் இருந்த பெயர் 'ஃப்ரீக்ஸ்'. லெம்கேவுக்கு அது பிடிக்கவில்லை. ஃபோல்டருக்கு அவராகவே 'லினக்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார். கணக்கு இல்லாதவர்கள் வந்து எடுத்துப்போகும் ஒரு ஃபோல்டரின் பெயர்தான் இன்று உலகத்து சர்வர்களில் பெரும்பாலானவற்றை ஓட்டும் மென்பொருளின் பெயர்.

எடுக்க வழி விட்டவர்கள் போடவும் வழி விட்டார்கள். பல சர்வர்களில் 'இன்கமிங்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். முன்பின் தெரியாதவர்களும் அதில் ஃபைலைப் போட்டுவிட்டுப் போகலாம். கொஞ்ச நாளில் திருட்டு மென்பொருள் கும்பல்களுக்கு அது இலவச கிடங்கானது. ஒருவன் போடுவான், இன்னொருவன் எடுப்பான். வட்டும் நெட்வொர்க்கும் பல்கலைக்கழகத்துச் செலவு. பிறகு போட மட்டும் முடியும், உள்ளே இருப்பதைப் பார்க்கவோ எடுக்கவோ முடியாது என்று பூட்டினார்கள். கணக்கு கேட்காமல் கதவு திறக்கும் எவருக்கும் இந்தத் தலைவலி தப்பாது. இந்தக் கதையில் இது திரும்பத் திரும்ப வரும்.

இதெல்லாம் சொந்தமாக சர்வர் வைத்திருந்தவர்களின் உலகம். மற்றவர்களுக்கு வாய்த்தது மின்னஞ்சல். 1992 மார்ச் 11 அன்று, அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வுக்கூடத்தில் இருந்த நத்தேனியல் போரென்ஸ்டைன், நெட் ஃப்ரீடுடன் சேர்ந்து வடிவமைத்த மைம் முறையில் ஒரு மின்னஞ்சலுடன் தன் பாட்டுக் குழுவின் படத்தையும் அவர்கள் பாடிய ஒலிப்பதிவையும் சேர்த்து அனுப்பினார். நால்வராகச் சேர்ந்து பாடும் அந்தக் குழுவின் பெயர் 'டெலிஃபோன் கார்ட்ஸ்'. அட்டாச்மென்ட்டின் அருமை இதுதான்: பெறுபவருக்கு மின்னஞ்சல் இருந்தால் போதும், புதிதாக எதிலும் சேர வேண்டியதில்லை.

கனம்தான் அதன் வினை. மின்னஞ்சல் எழுத்துகளுக்காகக் கட்டப்பட்ட பாதை. படத்தையும் அதில் எழுத்தாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து என்பது அந்த மாற்றத்தின் கணக்கு. ஃபைல் மூன்றில் ஒரு பங்கு வீங்கிவிடும். 25 எம்பி என்று எழுதியிருக்கும் பெட்டியில் 20 எம்பி ஃபைல் ஏறாமல் திரும்பி வருவதற்குக் காரணம் இந்த வீக்கம்தான். போதாததற்குப் பத்து பேருக்கு அனுப்பினால் பத்துப் பெட்டியிலும் ஒவ்வொரு பிரதி. டிஜிட்டல் கேமரா வீட்டுக்கு வீடு வந்ததும் இந்தப் பாதை திணறியது.

அந்தத் திணறலில் ஒரு தொழிலே முளைத்தது. 2004இல் யூசெண்ட்இட் வந்தது. பெரிய ஃபைலை அவர்கள் தளத்தில் ஏற்றினால், பெறுபவருக்கு லிங்க் மட்டும் போகும். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய வீட்ரான்ஸ்ஃபர் இன்னும் ஒரு படி மேலே போனது: அனுப்புகிறவருக்கும் கணக்கு வேண்டாம், பெறுகிறவருக்கும் வேண்டாம். திரை முழுக்க ஓர் அழகான விளம்பரப் படம், ஓரத்தில் சின்னப் பெட்டி. ஃபைல் சில நாளில் தானாக அழிந்துவிடும். டிசைனர்களும் வீடியோ எடிட்டர்களும் அதை விடவில்லை. சென்னையிலும் மும்பையிலும் ஊரடங்கில் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு 2020 மே மாதம் அந்தத் தளம் திடீரென்று திறக்கவில்லை. தொலைத்தொடர்புத் துறை தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டித் தடுத்திருந்தது. யார் என்று கேட்காத சேவைகள் மீது அரசுகளுக்கு எப்போதும் ஒரு கண் உண்டு.

இவை எல்லாம் ஃபைலை ஏற்றி இறக்கிவிட்டு மறந்துவிடும் சேவைகள். ஃபைல் நிரந்தரமாக இருக்கும் இடத்துக்கே வெளியாளை அழைப்பது வேறு சங்கதி. அது டிராப்பாக்ஸிலும் கூகுளிலும் நடந்தது.

பாஸ்டனிலிருந்து நியூயார்க்குக்கு பஸ்ஸில் போகும்போது பென் டிரைவை மறந்துவிட்டு வந்த எரிச்சலில் டிராப்பாக்ஸின் முதல் வரிகளை எழுதியதாக அதன் நிறுவனர் ட்ரூ ஹூஸ்டன் சொல்வார். 2007இல் கம்பெனி தொடங்கியது. 2008 செப்டம்பரில் சேவை எல்லாருக்கும் திறந்தது. அப்போது ஒரு லட்சம் பேர்; 2010 ஜனவரியில் 40 லட்சம். இந்த வளர்ச்சியில் பெரும் பங்கு, ஒருவர் இன்னொருவரைச் சேர்த்தால் இருவருக்கும் கூடுதல் இடம் என்ற சலுகைக்கு. ஃபோல்டரை நண்பருடன் பகிர வேண்டுமா? அவரும் கணக்கு தொடங்க வேண்டும். கணக்கு என்ற தடுப்பு அவர்களுக்கு வருமானம். அதை இடிக்க எந்த முதலாளிக்கு மனசு வரும்?

முழுக்க மூடியும் வைக்கவில்லை. 'பப்ளிக்' என்று ஒரு ஃபோல்டர் தந்திருந்தார்கள். அதில் போட்ட ஃபைலுக்கு ஒரு முகவரி கிடைக்கும். அதைத் திறக்கக் கணக்கு தேவையில்லை. அந்த முகவரியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். தளத்தின் பெயர், பிறகு உங்கள் பயனர் எண், பிறகு ஃபைலின் பெயர். அவ்வளவுதான். பயனர் எண் வெறும் எண். ஃபைல் பெயரோ, மனிதர்கள் வைக்கிற பெயர்: ரெஸ்யூம், இன்வாய்ஸ். ஊகிக்க முடியும். கதவில் பூட்டு இல்லை, தெருப் பெயரும் கதவு எண்ணும் மட்டும் இருந்தன. பப்ளிக் என்று பெயரிலேயே சொல்லிவிட்டதால் யாரும் குறை சொல்லவும் முடியாது.

திருப்பம் 2012 ஏப்ரல் 23. எந்த ஃபோல்டரில் இருந்தாலும், எந்த ஃபைலுக்கும் ஒரு லிங்க் எடுக்கலாம், பெறுபவருக்குக் கணக்கு தேவையில்லை என்று டிராப்பாக்ஸ் அறிவித்தது. மறுநாள் ஏப்ரல் 24, கூகுள் டிரைவ் வெளிவந்தது. கூகுள் டாக்ஸில் 2010லேயே 'தனிப்பட்டது', 'லிங்க் உள்ள எவரும்', 'இணையம் முழுக்கப் பொது' என்று மூன்று நிலைகளைப் பிரித்து வைத்திருந்தார்கள். டிரைவ் அதையே எடுத்துக்கொண்டது. அதற்கும் முன்னால், தனிப்பட்ட படங்களை உறுப்பினரல்லாத உறவினருக்குக் காட்ட, படப் பகிர்வுத் தளமான ஃபிளிக்கர் 'கெஸ்ட் பாஸ்' என்று ஒன்று வைத்திருந்தது. ஆக, யோசனை புதிதல்ல. ஆனால் சேமிப்புக்கிடங்கு முழுவதற்கும் அதை விரித்தது அந்த ஏப்ரல்தான்.

டிராப்பாக்ஸ் தன் வருமானத் தடுப்பைத் தானே ஏன் தாண்ட விட்டது? தயாள குணம் என்று நான் நம்பவில்லை. லிங்க்கைத் திறக்கும் ஒவ்வொரு விருந்தாளியும் பார்ப்பது டிராப்பாக்ஸின் பக்கம், டிராப்பாக்ஸின் சின்னம், 'என் டிராப்பாக்ஸில் சேர்' என்ற பட்டன். கணக்கு கேட்டு விரட்டுவதைவிட, உள்ளே விட்டுக் கடையைக் காட்டுவது லாபம் என்று புரிந்திருக்கும்.

புதிய லிங்க்கின் உடற்கூறு பழையதிலிருந்து மாறியிருந்தது. பயனர் எண் போய்விட்டது. அதன் இடத்தில் சிறிய எழுத்தும் எண்ணும் கலந்து, அர்த்தமில்லாத 15 குறிகள். ஒவ்வொரு இடத்திலும் 36 வாய்ப்பு. மொத்தச் சேர்க்கைகள் ஏறத்தாழ 22-க்குப் பின்னால் 22 பூஜ்யம். வினாடிக்குப் பத்துக் கோடி வீதம் முயன்றாலும் எல்லாவற்றையும் முயன்று முடிக்க ஏழு கோடி ஆண்டு பிடிக்கும். இப்போது முகவரியே சாவி. இரண்டும் ஒன்றாகிவிட்டன.

கணினிக்காரர்களுக்கு இது பழைய தத்துவம். எம்ஐடியின் ஜாக் டென்னிஸும் ஏர்ல் வான் ஹார்னும் 1966லேயே எழுதியது. ஒரு பொருளைக் காப்பதற்கு இரண்டு வழி. ஒன்று, ரேஷன் கடை வழி: பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அரிசி. இன்னொன்று, தியேட்டர் சைக்கிள் ஸ்டாண்ட் வழி: டோக்கனை நீட்டினால் சைக்கிள். யார் நீட்டினாலும் சரி. தம்பியை அனுப்பலாம், பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பலாம். டோக்கன் தொலைந்து வேறொருவன் கையில் கிடைத்தால் அவனுக்கும் சைக்கிள். கணக்கு இல்லாதவருக்கு அனுப்பும் லிங்க் இரண்டாவது வகை. அதன் சௌகரியமும் ஆபத்தும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

கூகுள் டாக்ஸில் இதை வேடிக்கையாகவே பார்க்கலாம். லிங்க் மூலம் லாகின் இல்லாமல் வருகிறவர்களை மேல் மூலையில் சின்னச் சின்ன மிருகங்களாகக் காட்டும்: பெயரில்லா கேப்பிபாரா, பெயரில்லா ஒட்டகம். ஆசிரியர் தேர்வு நேரத்துக் குறிப்புகளைத் திறந்துவிட்டால், இரவு பதினொரு மணிக்கு ஒரு வனவிலங்குப் பூங்காவே உள்ளே உலாவும். எது எந்த மாணவன் என்று தெரியாது.

சிக்கல், முகவரியை ரகசியமாக வைத்துக்கொள்ள இணையத்தில் எதுவும் கட்டப்படவில்லை என்பது. பாஸ்வேர்டு என்றால் பிரவுசர் நட்சத்திரக் குறி போட்டு மறைக்கும். முகவரியை? ஹிஸ்டரியில் எழுதி வைக்கும், தட்டத் தொடங்கினால் நினைவூட்டும், போகிற இடமெல்லாம் சொல்லும்.

போகிற இடமெல்லாம் சொல்வதுதான் 2014 மே மாதம் வெடித்தது. ஒரு பக்கத்திலிருந்து லிங்க்கைத் தொட்டு இன்னொரு தளத்துக்குப் போகும்போது, 'நான் இந்த முகவரியிலிருந்து வருகிறேன்' என்று பிரவுசர் அந்தப் புதிய தளத்துக்குச் சொல்வது பழைய வழக்கம். ஒரு டிராப்பாக்ஸ் ஆவணத்துக்குள் வேறொரு தளத்தின் லிங்க் இருந்து, படிப்பவர் அதைத் தொட்டால், அந்த ஆவணத்தின் ரகசிய முகவரி, அதாவது சாவி, அந்தத் தளத்துக்காரரின் பதிவேட்டில் விழுந்துவிடும். இன்ட்ராலிங்க்ஸ் என்ற போட்டி நிறுவனம் கண்டது இன்னும் விசித்திரம். கூகுளில் தாங்கள் கொடுத்த விளம்பரங்களை மக்கள் எந்தத் தேடலில் பார்த்தார்கள் என்று அறிக்கையைப் புரட்டியபோது, தேடல் சொற்களுக்கு நடுவே டிராப்பாக்ஸ், அதைப் போன்ற சேவையான பாக்ஸ் ஆகியவற்றின் முழு முழு லிங்க்குகள் கிடந்தன. முகவரிப் பட்டையில் ஒட்ட வேண்டியதைத் தேடல் பெட்டியில் ஒட்டியிருக்கிறார்கள் மக்கள். எல்லாரும் செய்வதுதான். திறந்து பார்த்தால் ஒருவரின் வருமான வரிப் படிவம், இன்னொருவரின் வீட்டுக் கடன் விண்ணப்பம். டிராப்பாக்ஸ் பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய பழைய லிங்க்குகளை முடக்கி, முகவரியை வெளியே சொல்லும் ஓட்டையை அடைத்தது. தேடல் பெட்டி ஓட்டையை எந்தப் பொறியாளரும் அடைக்க முடியாது.

இரண்டு ஆண்டு கழித்து இன்னொன்று. லிங்க் நீளமாக இருக்கிறதே என்று சுருக்கித் தருவது அப்போது மோகம். மைக்ரோசாஃப்ட்டின் ஒன்டிரைவிலும் 'சுருக்கு' என்று ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினால் ஆறு குறியில் ஒரு குட்டி முகவரி. கார்னெல் டெக்கின் மார்ட்டின் ஜார்ஜியெவும் விட்டாலி ஷ்மாட்டிகோவும் கணக்குப் போட்டார்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண் சேர்த்து 62 குறி; ஆறு இடம்; மொத்தம் சுமார் 5,680 கோடி. கேட்கப் பெரிதாக இருந்தாலும் கணினிக்கு அது கடலை. குருட்டாம்போக்கில் பத்துக் கோடி குட்டி முகவரிகளை முயன்றதில் 42 சதவீதம் நிஜமாகவே எங்கோ போய்ச் சேர்ந்தன. அவற்றில் 19,524 யாரோ ஒருவரின் ஒன்டிரைவ் ஃபைலுக்கோ ஃபோல்டருக்கோ. அங்கிருந்து அதே ஆளின் மற்ற ஃபோல்டர்களுக்கும் நடந்து போக முடிந்தது. அப்படிக் கிடைத்த ஃபோல்டர்களில் சுமார் 7 சதவீதம் எழுதவும் இடம் தந்தன. வைரஸைப் போட்டுவிட்டு வந்தால் உரிமையாளரின் கணினிக்கு அது தானாக இறங்கியிருக்கும். 'ஆறு குறியில் போயே போச்சு' என்ற தொனியில் தலைப்பிட்டு 2016 ஏப்ரலில் கட்டுரை வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய மாதமே மைக்ரோசாஃப்ட் அந்தப் பட்டனை எடுத்துவிட்டிருந்தது. நீளமாக, அசிங்கமாக இருப்பதுதான் அந்த லிங்க்கின் பாதுகாப்பு. அழகுபடுத்தப் போய்ப் பூட்டை உடைத்தார்கள்.

ஒரு புத்திசாலித்தனமான தீர்வும் இடையில் வந்தது. முகவரியில் ஹேஷ் குறிக்கு (#) பின்னால் வரும் பகுதியை பிரவுசர் தன்னிடமே வைத்துக்கொள்ளும், சர்வருக்கு அனுப்பாது. பக்கத்துக்குள் எந்தப் பத்திக்குத் தாவ வேண்டும் என்று குறிக்க வந்த வசதி அது. 2013 ஜனவரியில் வந்த மெகா என்ற சேமிப்புச் சேவை, ஃபைலைப் பூட்டிய சாவியை அந்தப் பகுதியில் ஒளித்தது. லிங்க் உள்ளவர் திறக்கலாம். சேமித்து வைத்திருக்கும் கம்பெனிக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. மொசில்லாவின் ஃபயர்பாக்ஸ் சென்ட் 2019 மார்ச்சில் இதே உத்தியோடு முழு சேவையாக வந்தது: கணக்கில்லாமல் 1 ஜிபி வரை, தானே அழியும் லிங்க். இந்த வகையில் நான் பார்த்த மிக நேர்த்தியான வேலை அது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று நடத்துபவருக்கே தெரியாத இடம் யாருக்குப் பிடிக்கும்? தீநிரல் அனுப்புகிறவர்கள் வந்து குவிந்தார்கள். 2020 ஜூலையில் நிறுத்தி வைத்தார்கள், செப்டம்பரில் மூடிவிட்டார்கள். இன்கமிங் ஃபோல்டர் காலத்துத் தலைவலி, வேறு உடையில்.

போடுவதற்கு மட்டுமான வழி, அதே காலத்தில் நல்லபடியாகத் திரும்பி வந்தது. 2015இல் டிராப்பாக்ஸ் கொண்டுவந்த 'ஃபைல் ரிக்வெஸ்ட்' லிங்க்கில், கணக்கு இல்லாதவர் ஃபைலை ஏற்றலாம். மற்றவர் ஏற்றியதைப் பார்க்க முடியாது. கட்டுரைப் போட்டி நடத்துகிறவர்கள், வீட்டுப்பாடம் வாங்குகிற ஆசிரியர்கள், பில் சேகரிக்கும் ஆடிட்டர் ஆபீஸ்கள் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். ஊகிக்கக்கூடிய முகவரி கொண்ட பழைய பப்ளிக் ஃபோல்டருக்கோ 2017இல் மூடுவிழா நடந்தது. இலவசக் கணக்குகளுக்கு மார்ச்சில், பணம் கட்டியவர்களுக்கு செப்டம்பரில். அதிலிருந்த படங்களை நம்பிக் கட்டிய எத்தனையோ பக்கங்களில் உடைந்த படச் சின்னம் மட்டும் மிஞ்சியது.

கூகுளும் தன் பழைய சாவிகளை நம்பாமல் போன நாள் ஒன்று உண்டு. 2021 செப்டம்பர் 13 முதல், டிரைவில் இருந்த பழைய ஃபைல்கள் சிலவற்றின் லிங்க்கில் 'ரிசோர்ஸ் கீ' என்று கூடுதலாக ஒரு துண்டு சேர்ந்தது. முன்பே திறந்து பார்த்தவர்களுக்குப் பழைய லிங்க் வேலை செய்தது. புதிதாக வருகிறவர்களை அனுமதி கேட்கச் சொன்னது. பல ஆண்டுக்கு முன் பகிர்ந்துவிட்டு மறந்துபோன பாடக்குறிப்புக்கும் படிவத்துக்கும் முகம் தெரியாதவர்களிடமிருந்து 'அனுமதி தாருங்கள்' மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின.

இப்போது காற்று கொஞ்சம் எதிர்த்திசையில் வீசுகிறது. கணக்கு வேண்டாம், ஆனால் ஆள் யாரென்று தெரிய வேண்டும் என்கிறார்கள். நிறுவனங்களின் கூகுள் டிரைவிலிருந்து கூகுள் கணக்கில்லாதவருக்குப் பகிர்ந்தால், அவருடைய மின்னஞ்சலுக்கு ஒரு பின் எண் போகும். அதைத் தட்டினால் ஏழு நாள் வரை அனுமதி. மைக்ரோசாஃப்ட்டிலும் ஒருமுறைக் குறியெண் வைத்து இதே ஏற்பாடு. பெயரைக் கேட்கிறார்கள், ஆனால் உறுப்பினராகச் சொல்லவில்லை. அலுவலக ஆவணத்துக்கு இது சரி.

வீட்டு உபயோகத்துக்குத்தான் அநியாயம் நடக்கிறது. லிங்க்குக்குப் பாஸ்வேர்டு போடுவது, இத்தனை தேதியோடு காலாவதி ஆகட்டும் என்று வைப்பது, இந்த இரண்டும்தான் டோக்கன் முறையின் ஆபத்தைக் குறைக்கும் மலிவான வழிகள். டிராப்பாக்ஸில் இரண்டுமே பணம் கட்டுகிறவர்களுக்கு. இலவசக்காரருக்குக் கிடைப்பது மொட்டை லிங்க்: சாகாதது, பூட்டாதது, அனுப்பியவர் நினைவு வைத்துப் போய் அணைத்தால்தான் அணையும். ஆதார் நகலையும் வாடகை ஒப்பந்தத்தையும் அனுப்பிவிட்டு யாரும் அப்படிப் போய் அணைப்பதில்லை.